தண்ணி குடிச்சுட்டு வா

உட்காரும்மா. அந்தச் சீட்டுதான், ஜன்னலோரம். ஏசி நேரா மூஞ்சில அடிக்கும், துப்பட்டாவைச் சுத்திக்கோ. உன் பேரு என்ன சொன்னாங்க, ஹம்ஸவர்த்தினியா? கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள டீ ஆறிடும். வர்த்தினின்னு கூப்பிடறேன். நான் சுதர்சன். சார் எல்லாம் வேண்டாம், அண்ணான்னே கூப்பிடு, இங்க சின்னப் பசங்க எல்லாரும் அப்படித்தான். டிரெய்னிங் முடியற வரைக்கும் நீ என் பொறுப்பு. உமாபதி சார் சொல்லியிருப்பாரே, நம்ம மேனேஜர். கண்ணாடி ரூம்ல போனைக் காதுல வச்சுக்கிட்டு நடக்கறாரே, அவர்தான்.

உன் மெஷின் அப்டேட் ஆகிட்டிருக்கு, இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கும். அதுவரைக்கும் ஒரு கதை சொல்றேன். கதைன்னா கட்டுக்கதை இல்ல, நடந்தது. மத்தியானம் சாப்பிடப் போனா அந்த டேபிள்ல எவனாவது உனக்குச் சொல்லுவான். கை கால் வச்சுச் சொல்லுவான். அதுக்கு முன்னாடி என் வாயாலயே கேட்டுக்கோ.

இது ஜெனிட்டாவோட சீட்டு, உனக்கு முன்னாடி என்கிட்ட டிரெய்னிங்ல இருந்த பொண்ணு. பார்த்தியா, கீபோர்டுல 'எம்' எழுத்து தேஞ்சு போயிருக்கு. அவ்வளவு டைப் பண்ணியிருக்கா.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. காலேஜ்ல நீ மவுஸை வச்சு ஐகானைத் தட்டித் தட்டிப் பழகியிருப்ப. இங்க அது ஓடாது. நாம வேலை செய்யற கம்ப்யூட்டர் எல்லாம் வேற எங்கயோ இருக்கு. அதுங்களுக்குப் படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. ஒரு கறுப்புத் திரை, அதுல மினுக் மினுக்குன்னு ஒரு கோடு. நீ டைப் பண்ணா அது செய்யும். பிடபிள்யூடின்னு அடிச்சா நீ எந்த ஃபோல்டர்ல நிக்கிறன்னு சொல்லும். எல்எஸ் அடிச்சா அங்க என்னென்ன இருக்குன்னு காட்டும். சிடி அடிச்சா வேற ஃபோல்டருக்குப் போகும். ஆர்எம் அடிச்சா அழிக்கும். அழிக்கும்னா, மவுஸ்ல அழிச்சா ஒரு குப்பைத்தொட்டியில போய்க் கிடக்கும்ல, அந்த மாதிரி இல்ல. நிஜமாவே போயிடும். நிச்சயமா அழிக்கவான்னு ஒரு வார்த்தை கேட்காது. நீ சொன்ன, அது செஞ்சிருச்சு, அவ்வளவுதான்.

அதனால எங்க நிக்கிறோம், என்ன இருக்குன்னு பார்த்துட்டுத்தான் அழிக்கணும். எல்லாருக்கும் முதல் நாளே நான் சொல்ற பாடம் இது. ஜெனிட்டாவுக்கும் சொன்னேன். சத்தியமா சொன்னேன். இதை ஞாபகம் வச்சுக்கோ, ஏன்னா பின்னாடி ஒருத்தரும் இதை ஞாபகம் வச்சுக்கலை.

அவ புள்ளம்பாடிப் பொண்ணு. அப்பா லாரி ஷெட்ல வெல்டிங் வேலை. வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது. காலேஜ் லேப்லயும் நாலு பேருக்கு ஒரு மெஷின், அதுல இவ நாலாவது ஆளா பின்னாடி நின்னு எட்டிப் பார்த்தவ. அதை அவளே சிரிச்சுக்கிட்டுச் சொன்னா. தினம் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து, ஆபீஸ் கதவு திறக்கறதுக்கு முன்னாடி படியில உட்கார்ந்திருப்பா. வேலை நிரந்தரமானா அப்பாவை அந்த நெருப்புக்கு முன்னாடி உட்கார வைக்க மாட்டேண்ணா, கண்ணு போகுதுன்னு சொல்லுவா. அதுதான் அவளுக்கு எல்லாம். அந்த ஒண்ணுதான்.

வந்த முதல் வாரம் கறுப்புத் திரையைத் திறந்து வச்சேன். கை நடுங்குச்சு பாரு, கீபோர்டு மேல ஏதோ பூச்சி ஊர்ற மாதிரி விரல் அங்கயும் இங்கயும் போகுது. ஒவ்வொரு தடவையும் எண்டர் தட்டறதுக்கு முன்னாடி சாமி கும்பிடறா. அந்த வாரமே ஆர்எம் அடிச்சு, கஷ்டப்பட்டு எழுதின புரோகிராமைத் தானே அழிச்சுக்கிட்டா. போய் பாத்ரூம்ல நின்னு அழுதிருக்கா. வெளிய வந்து, எனக்கு இது வராதுண்ணா, நான் ஊருக்கே போயிடறேன், அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேங்கறா.

எனக்கு மனசு கேட்கலை. எனக்கு இருக்கற கெட்ட பழக்கமே அதுதான், யாராவது அழுதா எனக்கு ஆகாது. நான் கத்துக்கிட்ட காலத்துல எனக்கு ஒருத்தன் இருந்தான், பேரைச் சொல்ல வேண்டாம், தப்புப் பண்ணா ஆபீஸே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்துவான். நான் அப்படி இருக்கக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணவன்.

அன்னிக்கு அவ பஸ்ஸுக்குப் போனதும் அவ மெஷின்ல உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுதி வச்சேன். ஒரே வரிதான். அதுக்கப்புறம் அவ ஆர்எம்னு அடிச்சா எதுவும் அழியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்துக்கும். அவளைப் பொறுத்தவரைக்கும் போச்சு, நிஜத்துல எல்லாம் பத்திரமா இருக்கு. நம்மாள்தானே, விழட்டும், கீழ மெத்தை போட்டு வச்சிருக்கோம்.

இல்ல, சொல்லலை. சொன்னா எப்படி? மெத்தை இருக்குன்னு தெரிஞ்சா எவ கவனமா நடப்பா? அதனாலதான் சொல்லலை. அது ஒரு டீச்சிங் முறை.

அடுத்த வாரமே மறுபடி எதையோ அழிச்சுட்டா. மூஞ்சி வெளுத்துப் போயி, அண்ணா போச்சுண்ணா, மொத்தமும் போச்சுன்னு எந்திரிச்சு நிக்கிறா. நான் விரல்ல நெட்டி முறிச்சுக்கிட்டு அவ சீட்டுல உட்கார்ந்தேன். நீ போய் தண்ணி குடிச்சுட்டு வான்னு சொன்னேன். அங்க, பேன்ட்ரியில கேன் இருக்கு பாரு, அதுவரைக்கும் போயிட்டு வர நேரம். அவ வாயைத் துடைச்சுக்கிட்டு வந்தப்ப எல்லாம் அதது இடத்துல இருக்கு. அவ கண்ணைப் பார்க்கணுமே அன்னிக்கு. எப்படிண்ணா, எப்படிண்ணான்னு கேட்கறா. அதெல்லாம் அனுபவம்னு சொன்னேன்.

அப்புறம் அது பழக்கமாயிருச்சு. வாரத்துல ரெண்டு மூணு தடவை அந்த மூலையில இருந்து சத்தம் வரும், 'சுதர்சன் அண்ணா, போச்சு!' நான் எந்திரிச்சுப் போவேன், 'தண்ணி குடிச்சுட்டு வா'ம்பேன், அவ போவா, வருவா, இருக்கும். ஆபீஸ்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. போடா, உன் பக்தை கூப்பிடறா, காட்சி குடுத்துட்டு வாடாம்பான் ஒருத்தன். நானும் சிரிச்சுக்குவேன். உண்மையைச் சொல்லணும்னா எனக்குப் பிடிச்சிருந்துச்சு. தப்பா நினைக்காத, அந்த மாதிரி எல்லாம் இல்ல, அவ எனக்குத் தங்கச்சி மாதிரி. ஒருத்தர் நம்மளை அப்படி நம்பறது இருக்கு பாரு, அது சும்மா இல்ல. வீட்டுல என் பேச்சை யாரு கேட்கறா?

ஒரு நாள் கேட்டா, எப்படி எடுக்கறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணா, உங்களை எத்தனை தடவை தொந்தரவு பண்றதுன்னு. அதெல்லாம் பின்னாடின்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் முதல்லயே கொட்டிட்டா அப்புறம் நமக்கு என்ன மரியாதை?

ஆனா பாரு, அந்தப் பொண்ணு எப்படி வந்துச்சு தெரியுமா? நடுக்கம் போயே போச்சு. கறுப்புத் திரையில கை அப்படிப் பறக்கும். மத்தவங்க யோசிச்சு யோசிச்சு எல்எஸ் அடிச்சு, மறுபடி எல்எஸ் அடிச்சு, அப்புறம் பயந்துக்கிட்டே அழிப்பாங்க. இவ அழிச்சுட்டுத்தான் பார்ப்பா. தப்புன்னா கூப்பிடுவா. உமாபதி சாரே கண்ணாடி ரூமை விட்டு வெளிய வந்து, சுதர்சன், இந்தப் பொண்ணு கன்ஃபர்ம்தான், நல்லா கொண்டு வந்துட்டப்பான்னு தோள்ல தட்டினாரு. இந்தத் தோள்லதான்.

இரு, மெஷின் என்ன ஆச்சு... ஓடிட்டுத்தான் இருக்கு. சரி.

கமால் பாய்னு ஒருத்தர். முன்ன ஆம்புலன்ஸ் ஓட்டினவர். ஊர் பேர் தெரியாத பொணத்தை எல்லாம் எடுத்து அடக்கம் பண்ற டிரஸ்ட் நடத்தறாரு. பஸ் ஸ்டாண்டுல கிடப்பான், தண்டவாளத்துல கிடப்பான், ஆஸ்பத்திரியில கேட்பாரில்லாம கிடப்பான். போலீஸ் சொன்னா இவர் வேனை எடுத்துக்கிட்டுப் போயி, குளிப்பாட்டி, மாலை போட்டு, செய்ய வேண்டியதைச் செய்வாரு. செய்யறதுக்கு முன்னாடி மூஞ்சியை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குவாரு. பல வருஷமா எடுத்து வச்சிருக்காரு. எதுக்குன்னா, என்னிக்காவது யாராவது தேடிக்கிட்டு வருவாங்க. அப்பாவைக் காணோம், புள்ளையைக் காணோம்னு வருவாங்க. அந்த ஷெட்ல ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சு ஒவ்வொரு படமா காட்டுவாரு. சில பேர் நாள் முழுக்கப் பார்ப்பாங்களாம். சில பேர் பாதியில கத்துவாங்களாம். கத்தினா, கிடைச்சிருச்சுன்னு அர்த்தம்.

நம்ம கம்பெனி அவருக்கு இலவசமா பண்ணிக் குடுத்தது அந்தப் படம் காட்டற ஏற்பாடு. நல்ல பேர்தானே. இலவச வேலைங்கறதால டிரெய்னிங்ல இருக்கற பசங்களுக்குத்தான் குடுப்போம். இன்னொரு இடத்துல காப்பி எடுத்து வச்சீங்களான்னு பின்னாடி எல்லாரும் கேட்டாங்க. ஓசி வேலைக்கு யாரும்மா காப்பி எடுத்து வைப்பா?

டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னு பாய் போன் பண்ணாரு. ஒவ்வொரு படத்துக்கும் சின்ன சைஸ்ல ஒரு காப்பி தானா உண்டாகி இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. பெரிய ஃபோல்டர்ல ஒரிஜினல், அதுக்குள்ள ஒரு சின்ன ஃபோல்டர்ல இந்தக் காப்பிங்க. உள்ள போயி காப்பிகளை மட்டும் அழிக்கணும். அவ்வளவுதான் வேலை. சின்னக் குழந்தை செய்யும். ஜெனிட்டாகிட்டக் குடுத்தேன்.

இந்தா, இங்கதான் உட்கார்ந்திருந்தா. இங்க இருந்தே பாய் மெஷினுக்குள்ள போகலாம். அதே கறுப்புத் திரை, அதே மினுக்கற கோடு. அவ மெஷின்ல இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், அங்க இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா அங்க என் வரி இல்ல. எப்படி இருக்கும்? அது பாயோட மெஷின், நான் அவ மெஷின்லதானே எழுதி வச்சேன்.

உள்ள போயாச்சுன்னு நினைச்சுக்கிட்டா. போகலை. வெளி ஃபோல்டர்லயே நிக்கிறா. ஒரு பிடபிள்யூடி, ஒரு எல்எஸ், ரெண்டே ரெண்டு வார்த்தை அடிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் சொல்லிக் குடுத்த முதல் பாடம். அடிக்கலை. எல்லாத்தையும் அழின்னு ஆர்எம் அடிச்சு எண்டரைத் தட்டிட்டா.

எனக்கு இன்னிக்கும் மறக்காதது என்ன தெரியுமா? அவ பயப்படலை. கொஞ்சம்கூடப் பயப்படலை. டேபிள்ல ஒரு தட்டுத் தட்டி, வழக்கம் போல, 'சுதர்சன் அண்ணா, போச்சு!' அப்படின்னா. சிரிச்சுக்கிட்டே. நான் வர்றதுக்குள்ள, நான் சொல்லாமலே, அவளே எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிட்டா.

நான் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். எந்த மெஷின்னு பார்த்தேன். பாயோடது. எல்எஸ் அடிக்கறேன், ஒண்ணும் இல்ல. மறுபடி அடிக்கறேன், ஒண்ணும் இல்ல. அத்தனை பேரும் போயிட்டாங்க.

அவ வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து பின்னாடி நிக்கிறா. வந்துருச்சாண்ணா?

நான் திரும்பலை. கொஞ்சம் இரு, இன்னொரு தடவை தண்ணி குடிச்சுட்டு வான்னேன். போனா. வந்தா. வந்துருச்சாண்ணா? மறுபடியும் போன்னேன். அப்பத்தான் அவ குரல் மாறுச்சு. அண்ணா, எனக்குத் தாகம் இல்லண்ணா, சொல்லுங்கண்ணான்னா.

நான் சும்மா இருக்கலை. அழிஞ்சதை மீட்கற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதை உடனே இறக்கி அந்த மெஷின்லயே போட்டேன். ராத்திரி பகலா ஓட விட்டேன். கடைசியில டிஸ்க்கைக் கழட்டி மெட்ராஸுக்கு அனுப்பினோம். அங்க இருக்கறவன் சொல்றான், அழிஞ்ச டிஸ்க்கில எவன் சார் புதுசா ஒண்ணை இறக்குவான், அது பழசு மேலதானே போய் உட்காரும், கை வைக்காம அனுப்பியிருந்தா பாதிக்கு மேல எடுத்திருக்கலாமேன்னு. உட்கார்ந்த இடத்துல இருந்து சொல்றது சுலபம். அந்த நேரத்துல இங்க இருந்தவனுக்குத்தான் தெரியும். கொஞ்சம் வந்துச்சு. வந்தது எல்லாம் பாதி. நெத்தியும் கண்ணும் இருக்கும், அதுக்குக் கீழ சாம்பல் கலர்ல கட்டம் கட்டமா இருக்கும். ஜெனிட்டா அதை எல்லாம் கேட்டு வாங்கித் தன் மெஷின்ல வச்சுக்கிட்டா.

அப்புறம் ஒரு நாள் கமால் பாய் ஒரு அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆபீஸுக்கே வந்துட்டாரு. வந்திருக்கக் கூடாது, அது வேற விஷயம். அரியலூர்ப் பக்கம் ஏதோ ஊர். புள்ளை கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவன். சட்டைக் கலர், வயசு எல்லாம் ஒத்து வர்ற மாதிரி ஒருத்தனை பாய் அடக்கம் பண்ணியிருக்காரு. போலீஸ் ஸ்டேஷன்ல இருந்த போட்டோ தண்ணி பட்டு வீணாப் போச்சாம். பாய்கிட்ட இருந்த ஒண்ணுதான் மிச்சம், மீட்டெடுத்த பாதிப் படங்கள்லயும் அது இல்ல. அது அவன்தானா, இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க சாமின்னு அந்த அம்மா கேட்கறாங்க.

உமாபதி சார் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாரு. நான் நல்ல முறையில எடுத்துச் சொன்னேன், ஒரு டெக்னிக்கல் ஃபால்ட்டும்மா, முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கோம்னு. அவங்களுக்கு என்ன புரியும், தலையாட்டிக்கிட்டு நின்னாங்க. முடிஞ்சது, அனுப்பிடலாம்னு இருக்கேன். இந்தப் பொண்ணு இங்க இருந்து எந்திரிச்சு வருது. நேரா அந்த அம்மா முன்னாடி போயி, ஃபால்ட் இல்லம்மா, நான்தான் அழிச்சுட்டேன்னு சொல்லுது.

அந்த அம்மா திட்டலை. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். ஜெனிட்டா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அழிக்கறதுக்கு முன்னாடி பார்த்தியாம்மான்னு கேட்டாங்க. பார்த்திருப்பியே, அழிக்கறவங்க பார்த்துட்டுத்தானே அழிப்பாங்க. புருவத்துல ஒரு தழும்பு இருக்கும், இந்தப் பக்கம். சின்னதுல கதவுல மோதினது. இருந்துச்சாம்மா?

ஜெனிட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பாய்க்காவது தெரியாதான்னு நீ கேட்கலாம். அவரு ஆயிரக்கணக்கான மூஞ்சியைப் பார்த்தவரு, ஞாபகம் இல்லம்மான்னு அவரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஞாபகம் இருக்காதுன்னுதானேம்மா படம் எடுத்து வச்சேன்னு மட்டும் சொன்னாரு.

நான்தான் சொன்னேன், அம்மா, அத்தனை படத்தையும் ஒவ்வொண்ணா எப்படிம்மா பார்க்க முடியும்னு. சரியாத்தானே சொன்னேன்? அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்ல. அவளோட கையை ரொம்ப நேரம் விடலை.

மறுநாள் விசாரணை வச்சாங்க. உமாபதி சார், இன்னும் ரெண்டு பேர். என்னைக் கேட்டாங்க, அழிக்கறதுக்கு முன்னாடி பார்க்கணும்னு சொல்லிக் குடுத்தியா இல்லையா. சொல்லிக் குடுத்தேன்னேன். பொய் இல்லையே. அவளைக் கேட்டாங்க, சொல்லிக் குடுத்தாரா? சொல்லிக் குடுத்தாரு சார்னா. ஏன் செய்யலை? அவ யோசிச்சா. தெரியலை சார், இது வரைக்கும் எதுவும் நிஜமாப் போனதே இல்ல சார், அப்படின்னா. சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பதில். உமாபதி சார் பேப்பரை மூடி வச்சுட்டாரு.

அந்த வரியைப் பத்தியா? அவங்க கேட்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அது அவளுக்கு நான் செஞ்ச நல்லது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், நீயே சொல்லு.

வேலை போச்சு. வேற என்ன செய்வாங்க? நான் உமாபதி சார்கிட்டத் தனியாப் போயி, சின்னப் பொண்ணு சார், பார்த்து ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னேன். அதுவும் அவளுக்குத் தெரியாது. நான் செஞ்சது எதுவுமே அவளுக்குத் தெரியாது.

இல்ல, ஒண்ணு தெரிஞ்சுது. கடைசி நாள்.

போறதுக்கு முன்னாடி மெஷின்ல சொந்த ஃபைல் எல்லாத்தையும் துடைச்சுட்டுப் போகணும். உட்கார்ந்தா. இப்ப அவ முன்ன மாதிரி இல்ல. ஒவ்வொண்ணுக்கும் எங்க நிக்கிறேன்னு பார்க்கறா, என்ன இருக்குன்னு பார்க்கறா, அப்புறம் அழிக்கறா, அழிச்சுட்டு மறுபடி பார்க்கறா. கை பழையபடி நடுங்குது. எனக்குப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு, அவ்வளவு பாடுபட்டு நிறுத்தினது. எல்எஸ்ல ஒரு வகை இருக்கு, மறைச்சு வச்சதையும் காட்டும். அதை அடிச்சா. என் ஃபோல்டர் வந்துருச்சு. உள்ள போனா. அவ அழிச்சது எல்லாம் வரிசையா கிடக்கு. பாத்ரூம்ல அழுததுக்கு அப்புறம் அழிச்ச ஒவ்வொண்ணும். அப்பத்தான் அழிச்சதுகூட.

அண்ணா, இதெல்லாம் எப்படிண்ணா இங்க இருக்கு?

சரி, போகப் போறா, இனிமே என்ன இருக்குன்னு சொல்லிட்டேன். பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வரியைக் காட்டி, இதுதான்ம்மா, நீ பயப்படக் கூடாதுன்னு போட்டு வச்சேன், உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான், இத்தனை நாளா உன் பின்னாடியே நான் இருந்தேன்னு சொன்னேன். அவ அந்த வரியைப் படிச்சா. மறுபடி படிச்சா. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தா. கண்ணு நிறைஞ்சிருச்சு அவளுக்கு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. பெத்தவங்க தவிர அப்படி யாரு அவளைப் பார்த்துக்கிட்டிருப்பா, சொல்லு? ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டா. தண்ணி குடிச்சுட்டு வரேண்ணான்னு எந்திரிச்சா. பேகைத் தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் எந்திரிச்சா. தண்ணி குடிக்க எதுக்கு பேகுன்னு எனக்குத் தோணவே இல்ல. கொஞ்ச நேரம் பார்த்தேன். பேன்ட்ரியில போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன் சொல்றான், அந்தப் பொண்ணு அப்பவே படி இறங்கிப் போயிருச்சே சார்.

ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? அதுதான் எனக்கு ஆறலை. ஆனா ஒண்ணு, அந்த வரியைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடலை. அந்த விசுவாசம் இருந்துச்சு. விட்டிருந்தா எல்லாப் பசங்களும் எனக்கும் போட்டுக் குடுன்னு வந்து நின்னிருப்பானுங்க.

இப்ப என்ன பண்றா தெரியுமா? கேட்டா நம்ப மாட்ட. கமால் பாய்கிட்டயே போய்ச் சேர்ந்துட்டா. போன மாசம் பெரியாஸ்பத்திரி வாசல்ல பார்த்தேன். மார்ச்சுவரிப் பக்கம் வேன் நிக்குது, இவ இறங்கி நிக்கிறா, கையில கேமரா. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனா ஏறி இறங்கி, பழைய கேஸ்ல ஏதாவது போட்டோ கிடக்குதான்னு கேட்டு வாங்கறாளாம். பாய் அடக்கம் பண்ணவங்களை எல்லாம் மறுபடி தேடிச் சேர்க்கறாளாம். ஆயுசுக்கும் முடியுமா அது? படிச்ச படிப்பு என்ன, பார்க்கற வேலை என்ன. அவங்க அப்பா இன்னும் அந்த நெருப்புக்கு முன்னாடிதான் உட்கார்ந்திருக்காரு. நான் வண்டியை நிறுத்தி, ஜெனிட்டா, அந்த அரியலூர் அம்மா விஷயம் என்னாச்சும்மான்னு கேட்டேன். அக்கறையாத்தான் கேட்டேன். கிடைக்கலைண்ணா, அவங்க மாசா மாசம் வர்றாங்கன்னா. அவ்வளவுதான். வேன் கதவை இழுத்துச் சாத்திக்கிட்டா.

ஆபீஸ்லயும் அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் பெருசா நல்லது நடக்கலை. எனக்கு வர வேண்டிய டீம் லீடு போஸ்ட்டை நேத்து வந்தவனுக்குக் குடுத்தாங்க. உன்னை என்கிட்ட விட்டதே எனக்குப் பெரிய விஷயம். ஆறு மாசமா புதுசா ஒருத்தரைக்கூட என்கிட்ட விடலை.

ஆங், முடிஞ்சிருச்சு பாரு. வா, நாற்காலியை முன்னாடி இழு. இதுதான் கறுப்புத் திரை. இதோ அந்தக் கோடு. இங்க நான் சும்மா ஒரு ஃபைல் வச்சிருக்கேன், பேரைப் பாரு, 'முதல்'. அதை அழி. ஆர்எம், ஒரு இடைவெளி, அப்புறம் பேரு. அடி.

எல்எஸ்ஸா? பார்த்துட்டு அடிக்கிறியா? அதெல்லாம் வேண்டாம்மா, நான் பக்கத்துலதானே இருக்கேன். உன் மெஷின்லயும் காலையிலேயே அந்த வரியைப் போட்டு வச்சுட்டேன். எதை அழிச்சாலும் என்னைக் கூப்பிடு, நீ தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள எடுத்துக் குடுத்துடறேன்.

ஏன் கையை எடுத்துட்ட? இதென்ன, இப்படி நடுங்குது? பயப்படாத. ஜெனிட்டாவுக்கும் முதல்ல இப்படித்தான் நடுங்குச்சு. ஒரே வாரத்துல நான் நிறுத்திட்டேன்.